மிஸ்ஸியைக் கூப்பிட ஒரு பொத்தான்

அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் படுக்கும் மலேசியக் குடிமகன் ஒரு நாளைக்குக் கட்டும் கட்டணம் 3 ரிங்கிட். இன்றைக்கு அந்தக் காசை வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்து வயிறாரப் பசியாற முடியாது. ஆனால் வார்டில் அதே காசுக்குக் கட்டில், போர்வை, வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து, நிபுணர் டாக்டரின் கவனிப்பு எல்லாம் கிடைக்கின்றன. அண்மைக் காலத்தில் கட்டிய மருத்துவமனைகளில் இவற்றோடு இன்னொன்றும் உண்டு. தலைமாட்டுச் சுவரிலிருந்து ஒரு வயர் தொங்கும். அதன் நுனியில் கட்டைவிரல் பதியும் அளவுக்கு ஒரு பொத்தான். அமுக்கினால் மிஸ்ஸி, அதாவது தாதி, வருவார். கட்டிலை எப்படி நிமிர்த்துவது, சாப்பாட்டு மேசையை எப்படி இழுப்பது, குளிக்க எந்த நேரத்தில் கூட்டமில்லை என்பதையெல்லாம் பக்கத்துக் கட்டில்காரராவது சொல்லிக் கொடுத்துவிடுகிறார். இந்தப் பொத்தானைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

கெடாவில் இதைப் பேசியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை, கூலிம் மருத்துவமனை, அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை என எங்கே போனாலும் சரி, எழுபது வயதைத் தாண்டிய தமிழ் நோயாளியிடம் "முன்னே எங்க இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஹார்வர்ட், டப்ளின், விக்டோரியா, ஸ்கார்பரோ என்று ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர் வரும். இப்போது பிள்ளைகளோடு ஏதோ ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கலாம். வாழ்க்கையின் பெரும்பகுதி லயத்தில் கழிந்திருக்கும். விடியுமுன் அடிக்கும் பெரட்டு மணிக்கு எழுந்து, கிராணி பெயர் வாசிக்கும்போது கைகட்டி நின்று, மண்டோர் காட்டிய நிரைக்குப் போனவர்கள் இவர்கள். மணி என்றால் அது மேலேயிருந்து அடிக்கப்படும், கீழே இருப்பவர் ஓட வேண்டும். ஐம்பது வருடம் அப்படியே பழகிய கையில் கடைசிக் காலத்தில் ஒரு மணியைக் கொடுத்து, 'இப்போது நீ அடி, அவர்கள் வருவார்கள்' என்கிறோம். சொல்லக்கூட இல்லை, சுவரில் தொங்கவிட்டுப் போய்விடுகிறோம்.

இந்த மணியின் பின்னால் உள்ள யோசனை பழையது. கிரிமியப் போருக்குப் போய்ப் பெயரெடுப்பதற்கு முந்தைய ஆண்டு, 1853 ஜூனில், லண்டன் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறிய இல்லத்தைப் பொறுப்பேற்கவிருந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், நிர்வாகக் குழுவைச் சேர்ந்த கேனிங் சீமாட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். மாடிக்கு மாடி வெந்நீர்க் குழாய் வேண்டும், சாப்பாட்டை மேலே தூக்க ஓர் இழுவைப் பொறி வேண்டும் என்று கேட்டவர், மணியைப் பற்றியும் கேட்டார். நோயாளிகளின் மணிகளெல்லாம் அந்தந்த மாடியில் தாதியின் கதவுக்கு வெளியே ஒலிக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் ஒரு மூடி இருக்க வேண்டும், மணி அடித்ததும் அது திறந்துகொண்டு, திறந்தபடியே நிற்க வேண்டும். யார் அடித்தது என்று தாதி வந்து பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக.

அந்தத் திறந்தே நிற்கும் மூடியில்தான் விஷயம் இருக்கிறது. ஓசை காற்றோடு போய்விடும். தாதி அந்த நேரத்தில் வேறு அறையில் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தால் கேட்காமலே போகலாம். கூப்பிட்டவர் இன்னார் என்ற அடையாளம், யாராவது வந்து பார்க்கும் வரை அழியாமல் நிற்க வேண்டும். இன்று கம்பியில்லா வலைப்பின்னல், கைப்பேசிச் செயலி என்று எவ்வளவோ வந்துவிட்டாலும், நல்ல அழைப்பு மணி எது, கெட்ட அழைப்பு மணி எது என்பதை இந்த ஒரு சோதனையை வைத்தே சொல்லிவிடலாம்.

இன்றைய வார்டில் அது இப்படி நடக்கிறது. நோயாளி பொத்தானை அமுக்கியதும் கையிலுள்ள பொத்தானிலோ தலைமாட்டுப் பலகையிலோ ஒரு சிறு விளக்கு எரியும். நீங்கள் கூப்பிட்டது பதிவாகிவிட்டது, மீண்டும் மீண்டும் அமுக்க வேண்டாம் என்று நோயாளிக்குச் சொல்லும் விளக்கு அது. அதே நொடியில் அறை வாசலுக்கு மேலே நடைபாதையை நோக்கி இன்னொரு விளக்கு எரியும். தாதியர் கவுண்டரில் கட்டில் எண்ணோடு ஒலியும் எழும். ஓடுவது பெரும்பாலும் 24 வோல்ட் மின்சாரம்தான், ஈரக் கையோடு தொட்டாலும் ஆபத்தில்லை. கழிவறையிலிருந்து வரும் அழைப்புக்கு வேறு ஒலி, வேகமான மினுக்கல். வழுக்கி விழுந்தவராக இருக்கலாம் என்பதால் அதற்கு முன்னுரிமை. இதற்கும் மேலே, மூச்சோ நாடியோ நின்றவருக்காகத் தாதியே அமுக்கும் கோட் புளூ பொத்தான். அமெரிக்காவில் யுஎல் 1069, ஜெர்மனியில் டிஐஎன் விடிஇ 0834 என்று இதற்கென்றே தரவிதிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அழைப்பை நிறுத்தும் பொத்தான் இருக்கும் இடம். ஒழுங்காக அமைத்த வார்டில் அது கவுண்டரில் இருக்காது, கட்டிலருகே இருக்கும். கழிவறை அழைப்பை நிறுத்த வேண்டுமானால் கழிவறைக்குள்ளேயே போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டி ஓசையை அடக்கிவிட முடியாது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்பதை வயரிலேயே எழுதி வைத்திருக்கிறார் அதை வடிவமைத்தவர்.

ஆனால் வயரில் எழுதியதை அழிக்கவும் மனிதனுக்குத் தெரியும். பொத்தானின் வயர் சுவர் இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டால், அதையும் ஓர் அழைப்பாகவே எடுத்துக்கொண்டு இயந்திரம் கத்தும். நல்ல ஏற்பாடு. வயர் அறுந்து மாற்று வயர் வரத் தாமதமாகும்போது, கத்தலை நிறுத்த அந்தத் துளையில் ஒரு போலிச் செருகியைச் செருகி வைப்பார்கள். கட்டில் காலியாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை அது. அதே செருகியோடு அடுத்த நோயாளி வந்து படுத்துவிட்டால், அந்தக் கட்டில் ஊமைக் கட்டில். எந்த விளக்கும் எரியாது, எந்தப் பழுதும் திரையில் தெரியாது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

கெடாவின் ஒரு மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிவோடு படுத்திருந்த என் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பால் மரம் வெட்டியே நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். தலைமாட்டில் ஆக்சிஜன் குழாயைச் சுற்றி, முடிச்சுப் போட்டதுபோல், மணி வயர் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது. எழுந்து உட்காரக்கூட முடியாதவருக்கு அது எட்டாது. "பெரியம்மா, மணி அங்க தொங்குதே, எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றேன். "எந்த மணி? அதுவா? நான் லைட்டு சுவிச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றார். வயரைப் பிரித்து வலது கைப்பக்கம் தலையணையோடு செருகிக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "மிஸ்ஸி பாவம், ராத்திரியிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கா. நாம வேற கூப்பிட்டுத் தொல்லை குடுக்கணுமா?" என்றவர், குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "தண்ணி குடிச்சாத்தானே போகணும்னு வரும். நான் குடிக்கிறதே இல்ல." மேசைமேல் தண்ணீர்க் குவளை காலையில் வைத்தபடியே நிறைந்திருந்தது.

வயதானவர் தண்ணீரைக் குறைத்தால் என்ன ஆகும் என்று எந்தத் தாதியைக் கேட்டாலும் சொல்வார். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், திடீர் மனக்குழப்பம், சிறுநீரகத்துக்குக் கேடு. அடக்கி வைத்து, தாங்க முடியாமல் தானே எழப் பார்த்தால் இன்னொரு எலும்பு முறிவு. மருத்துவக் கோப்பில் இவையெல்லாம் தனித்தனி நோய்களாகப் பதிவாகும். 'மணி அமுக்கத் தயங்கினார்' என்று எந்தக் கோப்பிலும் ஒரு வரி ஏறாது.

'நம்ம ஜனங்களே அப்படித்தான், வாயில்லாப் பூச்சிகள்' என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1947இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகக் கிளம்பியது இதே கெடாவில்தான். போலீசோடு மோத வேண்டி வந்தபோதும் பின்வாங்காத கூட்டம் அது. குரல் எழுப்பத் தெரியாத பரம்பரை இல்லை இது. நோய் விஷயத்தில் மட்டும் குரல் அடங்கிப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி எப்படி நடந்தது என்பதில் அது கிடைக்கும்.

தோட்டத்தில் டாக்டர் என்பவர் எப்போதாவது காரில் வந்து போகிறவர். அன்றாடம் இருந்தவர் டிரெசர். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அவரைத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் என்று பதிவு செய்யச் சொன்னது, ஜனங்களுக்கு அவர் என்றும் டிரெசர் ஐயாதான். அவர்களில் நல்லவர்கள் பலர் இருந்தார்கள், பிள்ளைப்பேறு முதல் பாம்புக்கடி வரை பார்த்த கைராசிக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகம். உனக்குக் காய்ச்சலா, வேலைக்கு மட்டம் போடச் சாக்கா என்று தீர்மானிப்பது அவர் கையில். அவர் தரும் நோய்ச் சீட்டு கிடைக்காவிட்டால் அன்றைய பேர், அதாவது கூலி, போச்சு. அந்த ஏற்பாட்டில், உடம்பு முடியவில்லை என்று சொல்வதே ஒரு சலுகையைக் கேட்பது. அடிக்கடி கேட்டால் பெயர் கெட்டுப் போகும். நடுராத்திரியில் டிரெசர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன், வயிற்றுவலிக்காரரின் வீட்டில் 'இப்பவே போகணுமா, விடியட்டுமா' என்று ஒரு விவாதமே நடக்கும். பெரியம்மா தலைமுறை அந்த விவாதத்தை இன்னும் மனதுக்குள் நடத்திக்கொண்டிருக்கிறது. வார்டில் மிஸ்ஸி சிரித்த முகத்தோடு 'வலி எவ்வளவு, 0 முதல் 10க்குள் மார்க் போடுங்கள்' என்று கேட்கிறார். 2008இலிருந்து நம் சுகாதார அமைச்சு வலியையும் இரத்த அழுத்தம், காய்ச்சல்போல் அளந்து எழுதச் சொல்லியிருக்கிறது. இவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே 'ரெண்டு' என்கிறார்கள்.

தாதியர் பக்கத்தையும் பார்க்காமல் எழுதினால் அது அநியாயம். வார்டு தாதியரின் வேலை வாரத்துக்கு 42 மணி நேரமா 45 மணி நேரமா என்று 2024இல் எழுந்த சர்ச்சை இன்னும் பலருக்கு நினைவிருக்கும். சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விட்ட தாதியரின் இடங்கள் சும்மா நிரம்பிவிடவில்லை. இரவுப் பணியில், இருபத்தைந்து முப்பது கட்டில்களை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் பார்க்கிறார்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலாகப் போகும்போது நடுவில் மணி அடித்தால், கையிலிருக்கும் ஊசி மருந்தை விட்டுவிட்டு ஓடுவதா, முடித்துவிட்டுப் போவதா? இதற்கிடையே மருந்து சொட்டும் பம்பு கத்துகிறது, இதயத் துடிப்பு காட்டும் திரை கத்துகிறது, எவருடைய விரலிலிருந்தோ கிளிப் கழன்று அதுவும் கத்துகிறது. நாள் முழுதும் கேட்கும் ஓசைக்குக் காது மரத்துப் போவது மனித இயல்பு. இது உயிரைக் குடிக்கும் பிரச்சினை என்று உணர்ந்துதான் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2014இல் எச்சரிக்கை ஒலிகளை ஒழுங்குபடுத்துவதைத் தன் தேசியப் பாதுகாப்பு இலக்குகளில் சேர்த்தது.

ஆகவே 'மணி அடித்தால் உடனே வர வேண்டும்' என்று சுவரொட்டி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. 2006இல் அமெரிக்கத் தாதியர் ஆய்விதழில் கிறிஸ்டின் மீடும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வு வேறு வழி காட்டுகிறது. 14 மருத்துவமனைகளின் 27 வார்டுகளில் மணி எதற்காக அடிக்கப்படுகிறது என்று கணக்கெடுத்தார்கள். கழிவறைக்குப் போக, பம்பு கத்துவதை நிறுத்த, வலி மருந்து கேட்க, புரண்டு படுக்க என்று பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய காரணங்கள்தான். கூப்பிடும்வரை காத்திருக்காமல் மணிக்கு ஒருமுறை தாதியே கட்டிலுக்குப் போய் வலியைக் கேட்டு, கழிவறைக்குப் போக வேண்டுமா என்று கேட்டு, புரட்டிப் படுக்க வைத்து, தண்ணீரும் மணிப் பொத்தானும் கைக்கு எட்டுகின்றனவா என்று பார்த்த வார்டுகளில், மணி அழைப்புகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. நோயாளிகள் விழுவதும் குறைந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போன வார்டுகளிலும் அழைப்புகள் குறைந்தன, அந்த அளவுக்கு இல்லை.

கெடாவுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும் என்பேன். அங்கே அந்தச் சுற்று, அதிகமாக மணி அடிக்கிறவர்களைக் குறைத்தது. இங்கே அடிக்கவே அடிக்காதவர்களைக் கண்டுபிடிக்கும். ஆள் பற்றாத வார்டில் மணிக்கொரு சுற்று எப்படி முடியும் என்று கேட்பார்கள். தாதியேதான் போக வேண்டும் என்பதில்லை, சுகாதாரப் பராமரிப்பு உதவியாளரும் மாறி மாறிப் போகலாம். 'தண்ணி குடிச்சீங்களா, கழிவறை போகணுமா' என்று கேட்பதற்குப் பட்டயப் படிப்பு தேவையில்லை. அதிலும் ஒரு தமிழ்க் குரல் கேட்டுவிட்டால் கிழவிகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

மொழி என்றதும் பேச்சு மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விலை கூடிய அமைப்புகளில், பொத்தானை அமுக்கினால் சுவரிலிருந்து ஒரு குரல் கேட்கும். கவுண்டரில் இருக்கும் தாதி 'யா, அச்சி, நாக் அப்பா?' என்று, என்ன வேண்டுமென மலாயில் கேட்பார். தேவையைத் தெரிந்துகொண்டு பொருளோடு வரலாம், ஒரு நடை மிச்சம். காகிதத்தில் அருமையான ஏற்பாடு. தோட்டத்து ஆட்களுக்குப் பாசார் மலாய் தண்ணீர் பட்டபாடுதான். கடையில் பேரம் பேசுவார்கள், பக்கத்து வீட்டு மக்சிக்கோடு மணிக்கணக்கில் கதைப்பார்கள். ஆனால் வலியில், அரை மயக்கத்தில், பல்செட்டைக் கழற்றி வைத்த வாயோடு, முகம் தெரியாத சுவருக்குப் பதில் சொல்வது வேறு. காதும் மந்தமாக இருந்தால் தீர்ந்தது. குரல் வந்ததும் பதறிப்போய் 'தாடா அப்பா அப்பா', ஒன்றுமில்லை, என்று சொல்லிவிடுவார்கள். அழைப்பு முடிந்ததாகக் கணக்கில் ஏறும், பெட்பேன் வராது. புதிய மருத்துவமனைக்கு எது வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், குரல் வசதிக்குப் போடும் பணத்தில் முறிந்த வயர்களுக்கு மாற்று வயர்களை வாங்கி அலமாரியில் அடுக்கி வையுங்கள் என்பேன். விளக்கு எரிந்து, ஓர் ஆள் நேரில் வருவது எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

மணியை நம்பாதவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பாட்டி தலையணைக்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுத்து, பட்டர்வொர்த்தில் தொழிற்சாலையில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார். மகள் இடைவேளையில் அதைக் கேட்டுவிட்டு, மருத்துவமனையின் பொது எண்ணுக்கு அழைத்து, வார்டுக்கு இணைப்பு கேட்டு, காத்திருந்து, கடைசியில் 'எங்கம்மாவுக்கு ட்ரிப் முடிஞ்சு ரத்தம் ஏறுதாம்' என்கிறார். கட்டிலுக்கும் கவுண்டருக்கும் நடுவே இருபது அடி. தகவல் பினாங்கு மாநிலம் போய்த் திரும்பி வருகிறது. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் 2020இலும் 2021இலும் பார்வையாளர்களுக்குத் தடை போட்ட மாதங்களில் பல குடும்பங்களுக்கு இதுதான் ஒரே வழி. அப்போது பழகியது இன்னும் விடவில்லை. கெடாவின் வார விடுமுறை வெள்ளியும் சனியும், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சனியும் ஞாயிறும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். மற்ற நாள்களில் பெரியவர்கள் தனியாகத்தான் கிடக்கிறார்கள், மணியும் அவர்களும்.

பொத்தானை அமுக்கவே முடியாதவர்கள் ஒரு தனிக் கூட்டம். பக்கவாதத்தில் வலது கை விழுந்தவருக்கு வலப்பக்கம் மணியைத் தொங்கவிட்டு என்ன பயன்? கைவிரல் மடங்காத மூட்டுவாதக்காரருக்கு, உள்ளங்கையால் தட்டினாலே போதும் என்ற மெத்தைப் பொத்தான் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவருக்கு ஊதினால் அழைக்கும் குழாய் இருக்கிறது. தொண்டையில் குழாய் போட்டுச் செயற்கை மூச்சில் இருப்பவர், நினைவு தெளிவாக இருந்தும் பேச முடியாதவர். அவருக்குப் படம் போட்ட ஓர் அட்டை போதும். தாகம், வலி, குளிர், மூச்சு முட்டுகிறது, என் பிள்ளை எங்கே, என்று விரலை வைத்துக் காட்டலாம். அந்த அட்டை கெடாவில் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த நோயாளிகளுக்குப் படம்தான் கைகொடுக்கும். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, தமிழ் தெரிந்த மருத்துவ மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாலை உட்கார்ந்து தமிழில் இப்படி ஓர் அட்டையை எழுதி, வார்டுகளுக்கு அச்சடித்துக் கொடுக்க எந்த அமைச்சரின் கையெழுத்தும் தேவையில்லை.

கழிவறையில் தொங்கும் சிவப்பு அழைப்புக் கயிற்றின் நிலை இன்னும் மோசம். பக்கத்தில் 'கெச்செமாசான்', அதாவது அவசரம், என்று எழுதியிருக்கும். விழுந்தவர் தரையில் கிடந்தபடி இழுக்க வேண்டிய கயிறு, ஆகவே தரைவரை வர வேண்டும். துடைப்பம் சிக்குகிறது, குழந்தைகள் இழுக்கிறார்கள் என்று யாரோ அதை முடிந்து, கைப்பிடிக் கம்பிக்கு மேலே கட்டிவிடுவார்கள். இது நம்மூர் வியாதி மட்டும் அல்ல. ஸ்காட்லாந்தில் யூவன்ஸ் கைடு என்ற அமைப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறைகளில் இந்தக் கயிறுகளில் மாட்டுவதற்கென்றே சிறு அட்டைகளை அச்சடித்து விநியோகிக்கிறது. இந்தக் கயிறு தரைவரை தடையில்லாமல் தொங்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அட்டை மாட்டியிருக்கும் கயிற்றைச் சுருட்டிக் கட்டக் கை கூசும் போலிருக்கிறது.

நிர்வாகத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை. கணினியோடு இணைந்த புதிய அழைப்பு அமைப்புகள் ஒவ்வோர் அழைப்பும் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடத்தில் கட்டிலருகே நிறுத்தப்பட்டது என்பதைத் தாமே எழுதி வைக்கின்றன. அந்தக் கணக்கைத் தாதியரைத் தண்டிப்பதற்கு எடுத்தால் மறுநாளே எல்லோரும் ஓடிவந்து அழைப்பை நிறுத்திவிட்டு ஓடிவிடுவார்கள், நோயாளி அப்படியே கிடப்பார். அதை வேறு விதமாகப் படிக்க வேண்டும். எந்த நேரத்தில் அழைப்புகள் குவிகின்றனவோ அந்த நேரத்தில் ஆள் போதவில்லை. எந்தக் கட்டிலிலிருந்து மூன்று நாளாக ஓர் அழைப்பும் இல்லையோ, அங்கே போய்ப் பாருங்கள். வயர் பழுதாக இருக்கும், அல்லது போலிச் செருகி இருக்கும், அல்லது என் பெரியம்மாவைப் போல் ஒருவர் இருப்பார். தரக் கூட்டங்களில் அதிகம் கூப்பிடும் நோயாளியைப் பற்றித்தான் பேச்சு வரும். கூப்பிடாதவரைப் பற்றிய பட்டியலைக் கேட்கும் ஒரு மேட்ரனை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கும் இது பொருந்தும். பிள்ளைகள் வேலைக்குப் போன தாமான் வீட்டில், முன் அறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்த தாத்தா, சமையலறையில் இருப்பவரைக் கூப்பிடக் கரண்டியால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். மிஸ்டர் டிஐஒய் மாதிரிக் கடைகளில் விற்கும் கம்பியில்லா வாசல் மணி ஒன்றை வாங்கி, பொத்தானை அவர் சட்டைப் பையில் போட்டு, ஒலிப்பெட்டியைச் சமையலறையில் செருகினால் வேலை முடிந்தது. பொத்தானின் பேட்டரியை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். முதியோர் இல்லங்களிலும் இதைச் செய்யலாம். சேர்ப்பதற்கு முன் கழிவறை சுத்தமா, சாப்பாடு எப்படி என்று சுற்றிப் பார்க்கிறவர்கள், ராத்திரி இரண்டு மணிக்கு இவர் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்று கேட்பதில்லை.

வார்டில் யாரையாவது சேர்த்திருந்தால், இன்று மாலை பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்த கையோடு மணி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ஊசி ஏறாத கைப்பக்கம் கொண்டுவந்து, போர்வையோடு சேர்த்துக் கிளிப் மாட்டுங்கள். பிறகு அவரையே ஒருமுறை அமுக்கச் சொல்லுங்கள். நீங்கள் அமுக்கிக் காட்டினால் போதாது, அவர் விரல்தான் அமுக்க வேண்டும். விளக்கு எரிகிறதா என்று இரண்டு பேரும் பாருங்கள். மிஸ்ஸி வந்து 'யா, அச்சி?' என்று கேட்டால், 'சும்மா சோதித்துப் பார்த்தோம், தெரிமா காசி' என்று சொல்லிவிடலாம். அதற்காகக் கோபித்துக்கொண்ட மிஸ்ஸியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருவர் என்னிடமிருந்து வயரை வாங்கி, அதைத் தலையணையில் எப்படிச் செருகினால் நழுவாது என்று காட்டிவிட்டுத்தான் போனார்.